'அதற்கு மேல் ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், விடுமுறையில் குடும்பத்தோடு வீட்டில் உட்கார்ந்து பார்க்கக்கூடிய பழைய ஆங்கிலப் படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். அதில் 'ஓஷன்ஸ் லெவன்' படத்துக்கு மூன்றே வரி. பெரிய நடிகர்கள் ஒன்றுகூடி அடிக்கும் கொள்ளை, சிரிக்கலாம், நேரம் போகும், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார் எழுதியவர். அந்தக் கடைசிச் சொற்களைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் போகும். முழுவதும் போட இடமில்லை என்றால், பட்டியல் எழுதியவருக்காவது படிக்கக் கொடுங்கள்.

நான் வங்கியில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி கேஷ் கவுண்ட்டரில் போனது, கடைசிப் பதினொரு வருஷம் ஸ்ட்ராங் ரூம் சாவி என் பொறுப்பில் இருந்தது. ஒரு சாவி என்னிடம், இன்னொரு சாவி மேனேஜரிடம். இரண்டும் ஒன்றாகப் போட்டால்தான் கதவு திறக்கும், ஒருத்தர் லீவு என்றால் சாவியைக் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். காலையில் கதவு திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு வாசனை வரும், பழைய நோட்டும் இரும்பும் கலந்த வாசனை, அதை இப்போது நினைத்தாலும் மூக்கில் வந்து நிற்கிறது. அப்படிப்பட்ட எனக்கு, ஒரு நிலவறையிலிருந்து 16 கோடி டாலரை அள்ளிக்கொண்டு போகும் பதினொரு பேரின் கதை ஏன் இவ்வளவு பிடிக்க வேண்டும்? இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தை ஏழெட்டுத் தடவையாவது பார்த்திருப்பேன். முதல் தடவை என் தம்பி வாங்கி வந்த டிவிடியில். கடைசியாகப் பார்த்தது இந்தத் தீபாவளிக்கு, என் அம்மாவோடும் பேத்தியோடும். அம்மாவுக்கு வயது எண்பது, ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. பேத்திக்குப் பதினொன்று.

படம் வந்தது 2001 டிசம்பரில். இயக்கியவர் ஸ்டீவன் சோடர்பெர்க். அந்த வருஷம் மார்ச்சில்தான் அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் கிடைத்திருந்தது, 'டிராஃபிக்' என்ற படத்துக்காக, அதுவும் எப்படி, அதே பிரிவில் அவருடைய இன்னொரு படமும் போட்டியில் இருந்தது. போதைப்பொருள் கடத்தலைப் பற்றிய கனமான படம் எடுத்து, உலகமே திரும்பிப் பார்த்த நேரத்தில், அடுத்து இன்னும் கனமாக ஒன்றை எடுப்பார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அவர் ஒரு சிரிப்புப் படம் எடுத்தார். அதையும் ஏனோதானோ என்று எடுக்கவில்லை, கேமராவைத் தானே பிடித்தார், பீட்டர் ஆண்ட்ரூஸ் என்ற புனைபெயரில். ஆஸ்கர் படத்தை வெட்டித் தொகுத்த அதே எடிட்டர்தான் இதையும் தொகுத்தார். கனமான விஷயத்துக்குக் கொடுத்த அதே உழைப்பை லேசான விஷயத்துக்கும் கொடுக்கலாம் என்று ஒருவர் முடிவு செய்தால் என்ன வரும் என்பதைப் படம் நெடுகப் பார்க்கலாம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டேனி ஓஷன் என்பவன் நியூஜெர்சியில் சிறையிலிருந்து வெளியே வருகிறான். வந்த கையோடு பழைய கூட்டாளி ரஸ்டியைத் தேடிப் போகிறான். லாஸ் வேகாஸில் பெலாஜியோ, மிராஜ், எம்ஜிஎம் கிராண்ட் என்று மூன்று சூதாட்ட விடுதிகள், மூன்றுக்கும் ஒரே முதலாளி, மூன்றின் பணமும் பூமிக்கடியில் ஒரே அறையில் சேருகிறது. குத்துச்சண்டைப் போட்டி நடக்கும் ஒரு ராத்திரியில் அந்த அறையைக் காலி செய்வதுதான் திட்டம். ஆள் சேர்க்கிறார்கள், ஒத்திகை பார்க்கிறார்கள், செய்கிறார்கள். அவ்வளவுதான் கதை. (அந்த மூன்று விடுதிகளும் அப்போது நிஜமாகவே ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருந்தன, 2000-ல் வாங்கியிருந்தார்கள். அதனால் கதைக்காக இட்டுக்கட்டியது என்று நினைக்க வேண்டாம்.)

திட்டத்தைச் சொல்லும் காட்சியில் டேனி ஒரு கணக்குச் சொல்கிறான். சூதாட்ட மேசையில் எவ்வளவு சில்லு (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை) புழங்குகிறதோ அவ்வளவுக்கும் ரொக்கம் கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம், அதனால் வார நாளில் ஆறேழு கோடி டாலர், சனி ஞாயிறில் எட்டு ஒன்பது கோடி, போட்டி நடக்கும் ராத்திரியில் 15 கோடி உள்ளே இருக்கும் என்கிறான். எனக்கு அந்தக் காட்சி அவ்வளவு பிடிக்கும். கொள்ளைப் படம் என்றால் துப்பாக்கியில்தான் ஆரம்பிக்கும் என்று நினைத்திருந்தேன், இங்கே கேஷ் ரிசர்வ் கணக்கில் ஆரம்பிக்கிறது! எங்கள் கிளையிலும் அப்படித்தான், சம்பள நாள் வருகிறது, பண்டிகை வருகிறது என்றால் எவ்வளவு ரொக்கம் தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, ரிசர்வ் வங்கிப் பணத்தை வைத்திருக்கும் கரன்சி செஸ்ட்டிலிருந்து வரவழைப்போம். வேலை தெரிந்தவர்கள் வேலையைப் பற்றிப் பேசும் பேச்சு எந்த ஊரிலும் எந்தத் தொழிலிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, அதைக் கேட்கச் சுகமாக இருக்கிறது. இந்தப் படத்தின் முதல் சந்தோஷம் எனக்கு அதுதான்.

ரஸ்டியாக வரும் பிராட் பிட் படம் முழுக்க எதையாவது தின்றுகொண்டே இருப்பார். அம்மா பத்து நிமிஷத்திலேயே கேட்டுவிட்டார், "இவன் ஏன்டி எப்பப் பாத்தாலும் தின்னுக்கிட்டே இருக்கான்?" பேத்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. மார்ச் 31 அன்று வருஷக் கணக்கு முடிக்கும்போது நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சாப்பிடுவோம், ஒரு கையில் வடை, இன்னொரு கையில் பேனா, நின்றபடியே. வேலை மும்முரமாக இருப்பவனுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடையாது. இதை யாரும் வசனத்தில் சொல்வதில்லை, அவர் பாட்டுக்குத் தின்கிறார், நமக்கு ஆளைப் புரிந்துவிடுகிறது.

இப்போது நட்சத்திரங்கள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பட்டியலில் அதைத்தான் குறை போலச் சொல்லியிருந்தார்கள். ஜார்ஜ் க்ளூனி, பிராட் பிட், மாட் டேமன், ஜூலியா ராபர்ட்ஸ், ஆண்டி கார்சியா, டான் சீடில், பெர்னி மேக் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை போலப் பெயர்கள். இத்தனை பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஓர் அறிமுகக் காட்சி, ஒவ்வொருவரின் ரசிகருக்கும் ஒரு கைதட்டு என்று நம் ஊரில் பங்கு பிரிப்போம். இவர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். படத்தின் ஆரம்பத்தில் ரஸ்டி, தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கும் இளம் நடிகர்களுக்குச் சீட்டாட்டம் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறான். அந்த இளம் நடிகர்கள் அவரவர் பெயரிலேயே நடித்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்து எல்லோரும் வெளியே வந்ததும் வாசலில் ரசிகர் கூட்டம் முண்டியடிக்கிறது, கையெழுத்துக் கேட்டு, அந்தத் தொலைக்காட்சிப் பிள்ளைகளிடம். பக்கத்திலேயே நிற்கும் க்ளூனியையும் பிட்டையும் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றைய தேதியில் உலகத்திலேயே அதிகம் பேருக்குத் தெரிந்த இரண்டு முகங்கள்! இந்தப் படத்தில் நாங்கள் இப்படித்தான் இருக்கப் போகிறோம் என்று முதல் கால்மணி நேரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள், அதன்படியே கடைசி வரை இருக்கிறார்கள்.

ஜூலியா ராபர்ட்ஸ் அப்போது ஒரு படத்துக்கு இரண்டு கோடி டாலர், அவர்கள் கணக்கில் இருபது மில்லியன், வாங்கிக்கொண்டிருந்தவர். அவருக்குத் திரைக்கதையை அனுப்பும்போது க்ளூனி ஓர் இருபது டாலர் நோட்டைச் சேர்த்து வைத்து, நீங்கள் படத்துக்கு இருபது வாங்குவதாகக் கேள்விப்பட்டோம் என்று எழுதி அனுப்பினாராம். அந்த வருஷம்தான் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர், இந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலில் அவரை 'அறிமுகம்' என்று போட்டிருப்பார்கள். அந்தக் குஷி படத்துக்குள்ளும் இருக்கிறது.

நாலைந்து முறை பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இவர்கள் சிரிக்க வைப்பது பேசி அல்ல, கேட்டு. மதுக்கடையில் ஒரு காட்சி. ராத்திரி நேரம், டேனியும் ரஸ்டியும் மட்டும். பத்துப் பேர் சேர்ந்தாயிற்று, பத்துப் பேர் போதும் இல்லையா என்று டேனி கேட்கிறான். ரஸ்டி வாயே திறப்பதில்லை, டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னொருத்தன் வேண்டும் என்கிறாயா என்று டேனி கேட்கிறான். பதில் இல்லை. இன்னொருத்தன் வேண்டும் என்றுதான் நினைக்கிறாய் என்கிறான். அதற்கும் பதில் இல்லை. சரி, இன்னொருத்தனைச் சேர்ப்போம் என்று டேனியே முடித்துவிடுகிறான். பிட்டின் முகத்தில் ஒரு தசை அசையாது. இந்த இடத்தில் எனக்கு டி.எஸ்.பாலையா ஞாபகத்துக்கு வந்தார். நாகேஷ் தன் படக்கதையைச் சொல்லச் சொல்லப் பாலையா கேட்டுக்கொண்டிருப்பாரே, அந்தக் காட்சியில் பேசுவது முழுக்க நாகேஷ், ஆனால் அறுபது வருஷமாக நாம் பார்த்துக்கொண்டிருப்பது பாலையா முகத்தைத்தான் இல்லையா? அங்கே முகம் முழுக்க நடுங்குகிறது, இங்கே அசையவே மாட்டேன் என்கிறது. இரண்டிலும் எதிராளி ஜெயிக்கட்டும் என்று ஒரு நடிகர் விட்டுக்கொடுக்கிறார். பெரிய நடிகர்கள் கூடும் படத்தில் இது நடப்பது எவ்வளவு அபூர்வம் என்பது சினிமா பார்க்கும் எல்லோருக்கும் தெரியும்.

சின்னச் சின்ன இடங்களை எல்லாம் சொல்ல ஆரம்பித்தால் பக்கம் போதாது. இரண்டு மட்டும் சொல்கிறேன். பெர்னி மேக் வேன் வாங்கப் போகும் காட்சி. விற்பவரின் கையைக் குலுக்கியவர் விடமாட்டார், உங்கள் கை எவ்வளவு மென்மையாக இருக்கிறது, என்ன கிரீம் பூசுகிறீர்கள் என்று அன்பாக விசாரித்துக்கொண்டே பிடியை இறுக்குவார், அந்த ஆள் வலி தாங்காமல் தானாகவே விலையைக் குறைப்பார். ஒரு மிரட்டல் வார்த்தை கிடையாது. அவர் 2008-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம், இன்னும் எத்தனை படம் நடித்திருக்க வேண்டியவர். இன்னொன்று, நிலவறைக் கதவை வெடி வைத்துத் திறக்கும் இடம். உலகத்திலேயே பாதுகாப்பான கதவு என்று படம் முழுக்க நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வெடி ஒட்டியாயிற்று, பட்டனை அழுத்துகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தால் ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அம்மா கைதட்டிச் சிரித்தார். வீட்டில் தினமும் டிவி ரிமோட்டை உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பார்ப்பவர் அவர், அந்தக் காட்சிக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மொழி என்றதும் யென் ஞாபகத்துக்கு வருகிறான். சின்ன உருவம், சீனத்துச் சர்க்கஸ் கலைஞன், பணப்பெட்டிக்குள் சுருண்டு படுத்து நிலவறைக்குள் போவது அவன் வேலை. நடித்த ஷாவ்போ சின் நிஜமாகவே அந்த வித்தை கற்றவர். யென் பேசுவது ஏறக்குறைய எல்லாமே சீனத்தில். கீழே எழுத்தில் அர்த்தம் போடுவதில்லை. ரஸ்டி ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், இருவரும் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார்கள், கூட்டத்தில் ஒருவரும் இதை ஓர் அதிசயமாக நினைப்பதில்லை. அம்மாவுக்கு ஆங்கிலமும் சீனமும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார், நானும் பாதிக்கு மேல் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். யாருக்கு யார் மேல் நம்பிக்கை, யாருக்கு யார் மேல் கோபம், எது நிஜச் சிக்கல், எது நடிப்பு என்பதெல்லாம் முகத்திலேயே தெரிகிறது.

அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது சால் என்ற பெரியவரை. கார்ல் ரைனர் நடித்தது, அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையில் முன்னோடிகளில் ஒருவர், இந்தப் படத்தில் நடிக்கும்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தொழிலை விட்டுவிட்டு, வயிற்றுப்புண்ணோடு, ஃபுளோரிடாவில் நாய்ப் பந்தயம் பார்த்துக்கொண்டு, ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டு இருப்பவரை ரஸ்டி போய் அழைக்கிறான். வந்து ஐரோப்பிய ஆயுத வியாபாரியாக வேஷம் கட்டி, முதலாளியிடமே போய், என் பெட்டியை உங்கள் நிலவறையில் வைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். வேஷம் கட்டியபின் அந்த மிடுக்கு என்ன, நடை என்ன! ஆனால் தனியாக இருக்கும்போது அந்த முகத்தில் ஒரு பயம் தெரியும், உடம்பு ஒத்துழைக்குமா, கடைசி நேரத்தில் சொதப்பிவிடுவோமா என்ற பயம். "அந்தப் பெரியவர் பயப்படறார் பாரு" என்று அம்மாதான் முதலில் சொன்னார். நான் ஆறு தடவை பார்த்தும் கவனிக்காதது அது. சிரிப்புப் படத்தில் ஒரு வயதானவர் வந்தால் அவரை வைத்துச் சிரிக்க வைப்பார்கள் என்றுதான் நமக்குப் பழக்கம். இதில் அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூட அவர் வயதைக் குத்திக்காட்டி அவமதிப்பதில்லை, தொழில் தெரிந்த மூத்தவர் என்று மரியாதை கொடுக்கிறார்கள். எண்பது வயதில் ஒருவருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்பதை எண்பது வயது அம்மா எவ்வளவு ஆசையாகப் பார்த்தார் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஜூலியா ராபர்ட்ஸ் ஏற்ற டெஸ் பாத்திரம் மெலிசு. இவ்வளவு பெரிய நடிகையைக் கூப்பிட்டுவிட்டு, முன்னாள் கணவனுக்கும் இந்நாள் காதலனுக்கும் நடுவில் நிற்க வைத்துவிட்டார்கள், அவளுக்கென்று ஒரு சாமர்த்தியம், ஒரு சிரிப்பு எழுதத் தோன்றவில்லை. பெண்கள் மட்டுமே கொள்ளையடிக்கும் 'ஓஷன்ஸ் 8' 2018-ல் வந்தபோது அந்தக் கடன் கொஞ்சம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். டான் சீடிலின் லண்டன் உச்சரிப்பை ஆங்கிலம் தெரிந்தவர்கள் இன்னமும் கிண்டல் செய்கிறார்கள், எனக்கு அது புரியாததால் உறுத்தவில்லை. ஊர் முழுக்க விளக்கை அணைக்க ஒரு வேனில் கருவி கொண்டுவருகிறார்களே, அதையும் பெரிதாக ஆராயக் கூடாது.

பண விஷயத்தில் மட்டும் என் தொழில்புத்தி என்னைச் சும்மா விடவில்லை. அமெரிக்க நோட்டு எதுவானாலும் ஒன்றின் எடை ஒரு கிராம். 16 கோடி டாலரும் நூறு டாலர் நோட்டுகளாகவே இருக்கிறது என்று வைத்தாலும் 16 லட்சம் நோட்டு. நூறு நோட்டு ஒரு பாக்கெட், பத்துப் பாக்கெட் ஒரு பண்டில் என்ற எங்கள் வழக்கப்படி 1,600 பண்டில், எடை 1,600 கிலோ. பதினொரு பேரும் சமமாகச் சுமந்தால் ஆளுக்கு 145 கிலோ. தோளில் பையை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுகிற சமாச்சாரம் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு எனக்கு எப்போது தோன்றியது தெரியுமா? மூன்றாவது தடவை படம் பார்த்து முடித்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது. நோட்டைத் தொட்டே வாழ்க்கை ஓட்டிய ஒருத்திக்கே படம் ஓடும்வரை அது தோன்றவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றால் அந்த வேகத்தை, அந்த டேவிட் ஹோம்ஸின் இசையை, எதை எப்போது காட்டுவது எதை மறைப்பது என்ற அந்தக் கணக்கை என்னவென்று சொல்வது!

அந்த மறைக்கும் கணக்கு தனி அழகு. கொள்ளைப் படங்களில் ஒரு வழக்கம் உண்டு, முழுத் திட்டத்தையும் முன்பே நமக்குச் சொல்லிவிட்டால் அது கெட்டுப்போகும், சொல்லாமல் விட்டால் ஜெயிக்கும். இவர்கள் இரண்டையும் கலந்து செய்தார்கள். பாதியைச் சொன்னார்கள், அது கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கெட்டுப்போவதைக் காட்டினார்கள், சண்டை வருகிறது, ஒருத்தனைக் கழட்டிவிடுகிறார்கள், போலீஸ் வருகிறது, நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்புறம்தான் தெரிகிறது, கெட்டுப்போனதில் பாதி திட்டத்திலேயே இருந்த பகுதி என்று. எப்படி என்று எழுதமாட்டேன், உங்கள் வாசகர்களில் பார்க்காதவர்கள் இருப்பார்கள். தெரிந்துகொண்டபின் மறுபடி பார்க்கும்போதும் ஓர் இடத்தில்கூட நம்மை ஏமாற்றிப் பொய்க் காட்சி வைத்ததாகத் தோன்றவில்லை, ஒத்திகைக் காட்சிகளிலேயே விடை கண் முன்னால் இருந்திருக்கிறது, நாம்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

திருட்டைக் கொண்டாடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். அவர்களுக்கு இதைச் சொல்கிறேன். எனக்கு ஒருமுறை சாயந்திரம் கேஷ் டேலி ஆகவில்லை. இருபதாயிரம் ரூபாய் குறைந்தது. நாலு தடவை எண்ணினோம், ராத்திரி ஒன்பது மணி வரை குப்பைக்கூடையைக் கூடக் கொட்டிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. வழக்கப்படி நான்தான் கட்டினேன், மாமியார் வளையலை அடகு வைத்து. பணம் காணாமல் போனால் வயிற்றில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அது என்றைக்கும் எனக்கு வேடிக்கை ஆகாது. 2010 டிசம்பரில் அதே பெலாஜியோ விடுதியில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சில்லுகளை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனான், இரண்டு மாதத்துக்குள் அந்தச் சில்லுகளை விற்கப் போய் மாட்டிக்கொண்டான். நிஜத்தில் நடப்பது இப்படித்தான் இருக்கும், மேசையில் இருந்த ஊழியர்கள் அன்று ராத்திரி எப்படித் தூங்கியிருப்பார்கள் என்றுதான் என் நினைப்பு போகும். இந்தப் படத்தில் அது இல்லை. யாரையும் காயப்படுத்துவதில்லை, இழக்கத் தகுதியில்லாதவனிடம் எடுப்பதில்லை என்பது இவர்கள் தொழில் விதி. அதைவிட முக்கியமாக, அந்தப் பணத்தில் யார் என்ன வாங்கினார்கள் என்று படம் காட்டவே இல்லை, கவனித்தீர்களா? பங்களா இல்லை, கப்பல் இல்லை. வேலை முடிந்தது, முடிந்ததைப் பற்றிய சந்தோஷம் மட்டும்.

பெரிய நடிகர்கள் கூடினாலே இது வந்துவிடும் என்று நினைத்தால் 1960-ல் வந்த மூலப் படத்தைப் பாருங்கள். ஃபிராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டின், சாமி டேவிஸ் ஜூனியர் என்று அந்தக் காலத்துப் பெரிய கூட்டம், புத்தாண்டு ராத்திரியில் ஐந்து விடுதிகளைக் கொள்ளையடிப்பார்கள். பகலில் படப்பிடிப்பு, இரவில் அதே வேகாஸ் மேடையில் பாட்டுக் கச்சேரி என்று இருந்தார்களாம். அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள் என்பது படத்தில் தெரிகிறது, ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்று அடுத்த வீட்டு விசேஷத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. சவப்பெட்டியில் ஒளித்த பணம் என்னவாகிறது என்ற அந்தக் கடைசிக் காட்சி மட்டும் இன்றைக்கும் பிரமாதம். சரி, சோடர்பெர்க்கே 2004-ல் எடுத்த இரண்டாம் பாகத்துக்கும் அதே கதிதான். அதில் ஜூலியா ராபர்ட்ஸ் ஏற்ற பாத்திரம் ஜூலியா ராபர்ட்ஸ் மாதிரி வேஷம் போடும். எழுதும்போது சிரிப்பாக இருந்திருக்கும், பார்க்கும்போது நம்மை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே பேசிக்கொள்வது போலத்தான் இருந்தது எனக்கு. ஆக அதே ஆட்கள், அதே பணம், அதே இயக்குநர் இருந்தும் வராத ஒன்று முதல் படத்தில் வந்திருக்கிறது. அதைப் பார்த்து 'அதற்கு மேல் ஒன்றுமில்லை' என்று எழுதினால் எப்படி?

எல்லாம் முடிந்தபின் அந்தக் கூட்டம் பெலாஜியோ நீரூற்று முன்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும். டெபுஸி என்ற பிரெஞ்சு இசைக்கலைஞரின் நிலவொளி பற்றிய ஓர் இசை, ஒரு வசனம் கிடையாது. தண்ணீர் எழும்பி எழும்பி விழுகிறது. ஒருவர் பின் ஒருவராக, கைகூடக் கொடுக்காமல், ஒரு பார்வை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போகிறார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று சாயந்திரம் மாலை, பழத்தட்டு எல்லாம் முடிந்தபின் ஸ்ட்ராங் ரூம் சாவியை எனக்கு அடுத்து வந்த பெண்ணிடம் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, படி இறங்கும்போது கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அந்தக் காட்சியை அதற்குப் பிறகு என்னால் கண் கலங்காமல் பார்க்க முடிந்ததில்லை.

பட்டியல் எழுதியவருக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிப் படங்களுக்கு மாதம் ஒரு முறையாவது அரைப் பக்கம் ஒதுக்குங்கள். இத்தாலியில் மாரியோ மோனிசெல்லி 1958-ல் எடுத்த ஒரு படம் இருக்கிறது, ஆங்கிலத்தில் 'பிக் டீல் ஆன் மடோனா ஸ்ட்ரீட்' என்று பெயர். கைக்கும் வாய்க்கும் பற்றாத திருடர்கள் சிலர் அடகுக்கடைப் பெட்டகத்துக்காகச் சுவரை உடைத்தால், தவறான சுவரை உடைத்துச் சமையலறைக்குள் போய்விடுவார்கள், அங்கே இருந்த கொண்டைக்கடலைச் சமையலை உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதைப் பற்றி அவர் எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டார், "அந்த ஆரஞ்சுப் பழம் உரிச்சாரே, அந்தப் பெரியவர் இப்ப இருக்காரா?" 2020-ல் இறந்துவிட்டார் அம்மா, தொண்ணூற்றெட்டு வயது என்றேன். அந்த மிராஜ் விடுதியும் 2024 ஜூலையில் மூடியாயிற்று என்பதைச் சொல்லவில்லை, எதற்கு என்று விட்டுவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பாப்பா பொங்கலுக்கு வருவா இல்ல, அப்ப இன்னொரு தரம் போடு" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
உறையூர், திருச்சி.